உப்புக்கு இறங்கி வரும் தாய்

மகளின் பிரசவத்துக்குத் துணையாக அமெரிக்கா போய் வரும் தாய்மார்கள் இன்று நம்மில் எத்தனையோ பேர்! அப்படி நீங்களும் கொலராடோ மாநிலத்துக்குப் போயிருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. "அத்தை, மலைப் பக்கம் போய்விட்டு வரலாம், வாருங்கள்" என்று மாப்பிள்ளை காரை எடுக்கிறார். டென்வர் நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ராக்கி மலைத் தேசியப் பூங்கா வந்து விடுகிறது. ஒரு வளைவில் திரும்பினால் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. எதிரே செங்குத்தான பாறைச் சரிவில், மண் நிறத்தில், பின்பக்கம் மட்டும் வெள்ளை வெளேரென்று சில ஆடுகள்! உங்கள் கை எங்கே போகும்? கைப்பையில் இருக்கும் செல்போனுக்குத்தானே?

கொஞ்சம் பொறுங்கள், சகோதரி! அந்த ஆடு யார், எதற்காக இறங்கி வருகிறது என்று தெரிந்து கொண்டு படம் எடுத்தால், படமும் நன்றாக அமையும். ஆட்டுக்கும் கெடுதல் இராது.

அதன் பெயர் பெருங்கொம்புச் செம்மறி. பெயருக்கேற்றபடி கடாவின் கொம்பு சுருண்டு வளைந்து கன்னத்தைத் தொடும். இரண்டு கொம்பும் சேர்ந்து 14 கிலோ வரை கனக்கும்! மானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். இதற்கு அப்படியில்லை, பிறந்தது முதல் வளர்ந்து கொண்டே போகும். அதில் வருஷத்துக்கு ஒரு வளையம் விழுவதால், நல்ல படம் ஒன்று கிடைத்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே கடாவின் வயசை எண்ணிச் சொல்லி விடலாம். நவம்பர், டிசம்பரில் கடாக்கள் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி வந்து மண்டையோடு மண்டை மோதிக் கொள்ளும். பத்திரிகைகளில் நாம் பார்க்கும் படங்களில் பாதி இந்தச் சண்டைதான்.

ஆனால் குடும்பத்தை நடத்துவது கடா அல்ல. வருஷத்தில் பெரும்பகுதி கடாக்கள் ஒரு கூட்டம். பெண்களும் குட்டிகளும் வேறு கூட்டம். இந்தக் கூட்டத்தில் மூத்த பெண் ஆடு முன்னே நடக்க, மற்றவை பின்னே போகும். மாமியார் ராஜ்யம் என்று வேண்டுமானால் சொல்லிக் கொள்ளுங்கள்! எந்த மாதம் எந்த மேய்ச்சல், எந்தப் பாறை வழி என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கற்றுத் தெரிந்து கொள்ளும் வித்தை. புதிய மலைகளில் கொண்டு போய் விடப்பட்ட ஆடுகளில் நூற்றுக்குப் பத்து கூடப் பருவத்துக்கு ஏற்றபடி இடம் மாறவில்லை என்று 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. வழி காட்டப் பெரியவர்கள் இல்லை. என்ன செய்யும், பாவம்!

அந்தப் பூங்காவில் 8,500 அடி உயரத்தில் 'ஷீப் லேக்ஸ்' என்ற குட்டை இருக்கிறது. அதன் கரைச் சேற்றில் உப்பும் தாதுச் சத்தும் உண்டு. குளிர்காலம் முழுவதும் காய்ந்த புல்லைத் தின்று, வசந்தத்தில் குட்டி ஈன்று, பால் கொடுத்து இளைத்த தாய் ஆடு, மே மாதத்திலிருந்து அந்தச் சேற்றைத் தின்ன இறங்கி வருகிறது. பிள்ளை பெற்ற மகளுக்கு நீங்கள் ஊரிலிருந்து லேகியம் கிளறி எடுத்துப் போகவில்லையா? இந்தத் தாய்க்கு இந்த மண்தான் லேகியம். பாறைக்கும் குட்டைக்கும் நடுவே ஒரு சாலை. அந்தச் சாலையில்தான் நாம் காமிராவும் கையுமாக நிற்கிறோம்!

1996-க்குப் பிறகு குட்டைக்கு வரும் ஆடுகள் குறைந்தன. காரணம் தெரிந்து கொள்ள 2002, 2003 கோடையில் ஆராய்ந்தார்கள். சாலையில் வண்டியும் ஜனமும் கூடக் கூட, ஆடுகள் குட்டையை அடைய அதிக நேரம் பிடித்தது. முன்னே வருவதும் பின்னே போவதுமாகப் பல தடவை முயல வேண்டியிருந்தது. ஆடு வருவதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகள் வந்தன என்பதுதான், அது உப்பைத் தின்னாமல் திரும்புமா என்பதை எல்லாவற்றையும் விட நன்றாகக் காட்டியது. யாரும் கல்லால் அடிக்கவில்லை, விரட்டவில்லை. ஆசையோடு பார்க்கத்தான் நின்றார்கள். அதுவே தாயின் மருந்தைத் தட்டிப் பறித்தது. இப்போது ஆடுகள் கடக்கும்போது பூங்கா ஊழியர்கள் போக்குவரத்தை நிறுத்தி வழி விடுகிறார்கள்.

"அது பேசாமல்தானே நிற்கிறது, பயப்படவில்லையே!" என்பீர்கள். கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்து 'ஷீப் ரிவர்' சரணாலயத்தில், ஆடுகளின் இதயத் துடிப்பை ரேடியோ அலையில் அறிவிக்கும் கருவி பொருத்திப் பார்த்தார்கள். அதன் முடிவு 1982-ல் வெளிவந்தது. வெளிப் பார்வைக்கு ஒன்றும் தெரியாத போதும் சில சமயம் உள்ளே நெஞ்சு படபடவென்று அடித்திருக்கிறது! நாயோடு மனிதர்கள் நெருங்கிய போதும், மேட்டின் மறுபுறத்திலிருந்து திடீரென்று தலை நீட்டிய போதும்தான் கலவரம் மிக அதிகம். சாலையில் போன 215 வண்டிகளில் 19-க்குத்தான் நெஞ்சு துடித்தது. போகிற வண்டி பழகிப் போன சத்தம். வழியை மறித்து நிற்கும் கூட்டம் அப்படியல்ல.

ஆகையால், கிட்டத்துப் படம் வேண்டுமானால் ஒளிந்து ஒளிந்து போகாதீர்கள். ஆட்டின் கண்ணுக்குத் தெரியும்படி திறந்த இடத்தில், அதற்குக் கீழே உட்காருங்கள். ஆபத்து வந்தால் அது மேலே ஓடும். அந்த மேல்வழியை அடைக்கக் கூடாது. பூங்கா விதிப்படி 75 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். மீதித் தூரத்தைக் காமிரா கடக்கட்டும். 400 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் இருந்தால் கண்ணிமை கூடத் தெரியும். செல்போன்தான் என்றால், குட்டிகள் வரிசையாகப் பாறை ஏறுவதை மலையோடு சேர்த்து எடுங்கள். அந்த அழகே வேறு! உச்சி வெயிலில் கொம்பின் நிழல் முகத்தை மறைக்கும். மேகம் மூடினால் கண்ணும் உரோமமும் துலக்கமாக விழும்.

காமிராவைக் கண்ணில் வைத்தபடி சரிவில் நடக்காதீர்கள். ஆட்டின் குளம்புக்கு விளிம்பு கெட்டி, நடுவில் மெத்தை போன்ற பிடிப்பு. நம் செருப்புக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? சரளைக் கல் உருண்டால் ஆடு நிற்கும்; நாம்தான் உருளுவோம்!

ஆடு அசை போடுவதை நிறுத்தி, தலையைத் தூக்கி, கூட்டமே உங்களைப் பார்த்தால், "போதும், அம்மா" என்று அர்த்தம். அப்படியே மெள்ளப் பின்வாங்குங்கள்.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு மலைவாசி உண்டு. சங்க நூல்கள் வருடை என்று சொல்லும் வரையாடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மூணாறு அருகே இரவிகுளம் பூங்காவில், அது ஈனும் பருவமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்வையாளருக்குக் கதவை அடைத்து விடுகிறார்கள். பிரசவ அறையில் கூட்டம் கூடாது என்பது நமக்குத் தெரியாததா?

அடுத்த தடவை மகள் ஆட்டின் படம் ஒன்று அனுப்பினால், "எவ்வளவு பக்கத்தில் போய் எடுத்தாய்?" என்று கேட்காதீர்கள். "அது உப்புத் தின்று விட்டுத்தானே போயிற்று?" என்று கேளுங்கள்.