காட்சியும் கதையும்: ‘கங்குவா’ எழுப்பிய கருத்து வேறுபாடு

2024ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் ‘கங்குவா’ என்னும் தமிழ்த் திரைப்படம் வெளியானது. சிவா இயக்கிய அப்படத்தில் சூர்யா இரு வேடங்களில் நடித்திருந்தார். இந்தித் திரையுலகின் பாபி தியோல் எதிர்த்தலைவனாகத் தோன்றினார். பெரும்பொருட் செலவில் உருவான அப்படம் முப்பரிமாணத்திலும் பல மொழிகளிலும் திரையிடப்பட்டது. முதற்காட்சி முடிந்த சில மணி நேரத்திற்குள் பார்த்தவர்கள் இரு சாராராகப் பிரிந்தனர். தமிழ்த் திரை இதுவரை காணாத காட்சிப் பெருவிருந்து என்று ஒரு சாரார் போற்றினர். செவியைத் துளைக்கும் இரைச்சல் என்று மற்றொரு சாரார் தூற்றினர். இரு சாராரும் பாதி உண்மையையே கூறினர் என்பது என் கருத்து. அதனினும் கவலை தருவது ஒன்று உண்டு. சில நாள்களிலேயே இரு சாராரும் படத்தைப் பற்றிப் பேசுவதை விட்டு, வேறு எவற்றையோ பற்றிப் பேசத் தொடங்கிவிட்டனர்.

முதலில் படத்தைப் பார்ப்போம். கதை இரு காலங்களில் நிகழ்கிறது. ஒன்று நம் காலத்துக் கோவா, மற்றொன்று கி.பி. 1070ஆம் ஆண்டின் ஐந்து தீவுகள். வரலாற்றில் அவ்வாண்டு முதலாம் குலோத்துங்கன் சோழ அரியணை ஏறிய ஆண்டாகும். படத்தில் சோழர் எவரும் இல்லை. இது முழுவதும் கற்பனை உலகம். அது குற்றமாகாது. பெருமாச்சி என்னும் தீவின் வீரன் கங்குவா. தன் குடிக்கு இரண்டகம் செய்த ஒருவன் தண்டிக்கப்பட, அவனுடைய மனைவி தன் மகனைக் கங்குவாவிடம் ஒப்படைத்துவிட்டு உயிர் துறக்கிறாள். சிறுவனோ, தன் தந்தையின் சாவுக்குக் காரணமானவன் என்று கங்குவாவையே கொல்லத் துடிக்கிறான். தன்னைக் கொல்ல எண்ணும் சிறுவனைக் காப்பதற்காகத் தன் மக்களின் பகையையும் ஏற்றுக் காடு புகுகிறான் வீரன்.

எத்துணை வலிய கதைக்கரு! கொடுத்த வாக்குக்காக எதையும் இழக்கத் துணியும் மாந்தர் நம் மரபுக்குப் புதியவர் அல்லர். கார்மேகம் கவிந்த மலைகளும் கடலில் அணிவகுக்கும் மரக்கலங்களும் முதலையுடன் நிகழும் போரும் கண்ணை நிறைக்கின்றன. வெற்றி பழனிசாமியின் ஒளிப்பதிவை எவரும் பழிக்க இயலாது. ஆயினும் அச்சிறுவனின் வெறுப்பு எவ்வாறு மெல்ல மெல்லக் கரைகிறது என்பதைக் காண நமக்கு நேரம் தரப்படவில்லை. ஓர் உணர்ச்சி நெஞ்சில் ஊன்றுவதற்குள் அடுத்த போர் தொடங்கிவிடுகிறது. கோவாவில் நிகழும் தொடக்கப் பகுதியோ நகைச்சுவை என்ற பெயரில் பொறுமையைச் சோதிக்கிறது. மேலும், குருதி மிகுந்த காட்சிகள் பல இருத்தலால் சிறுவர் இதனைப் பெற்றோருடன் காண்பதே தகும்.

இனி எழுந்த வாதங்களுக்கு வருவோம். படத்தைக் காத்துப் பேசியோர் பெரிதும் எடுத்துரைத்தது உழைப்பு. சூர்யாவின் மனைவியும் நடிகையுமாகிய ஜோதிகா தம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எழுதியதும் இத்தகையதே. எனினும் அவர் ஒரு நேர்மையைக் கடைப்பிடித்தார். முதல் அரைமணி நேரம் சரியாக அமையவில்லை என்பதையும் ஒலி உறுத்துகிறது என்பதையும் தாமே ஒப்புக்கொண்ட பின்னரே, இத்துணைக் கடுமையான எதிர்ப்பு ஏன் என்று வினவினார். அவரைப் பின்பற்றிப் பேசிய சுவைஞர் பலர் முற்பகுதியை மறந்து பிற்பகுதியை மட்டும் பற்றிக்கொண்டனர். பல்லாண்டு உழைத்தனர், ஆகவே குறை கூறாதீர் என்றனர். இவ்வாதத்தை நான் ஏற்கவில்லை. பொங்கல் அடிப்பிடித்துவிட்டால், பொழுது புலருமுன் எழுந்து சமைத்தேன் என்பது இரக்கத்தைத் தரலாம், சுவையைத் தராது. உழைப்புக்கு நன்றி கூறலாம். படைப்பின் மதிப்போ வேறு.

தூற்றியோர் வாதமும் இதனினும் மேம்பட்டதன்று. படத்தைக் காணாமலேயே கேலிப்படங்களைப் பரப்பியோர் பலர். ஒரு காட்சி ஏன் பொருந்தவில்லை என்று விளக்கியோர் சிலரே.

காட்சி வளம் என்பதே கதைக்குப் பகை என்று எவரேனும் கருதினால், அவர்கள் எஸ்.எஸ். வாசன் தயாரித்து இயக்கிய ‘சந்திரலேகா’வைக் காண வேண்டும். ஜெமினி நிறுவனத்தின் அப்படம் 1948ஆம் ஆண்டு தமிழிலும் அவ்வாண்டின் இறுதியில் இந்தியிலும் வெளிவந்து, சென்னைப் படங்களுக்கு வடநாட்டின் வாயிலைத் திறந்தது. இன்று பலமொழிப் படங்களுக்கு நாம் கொட்டும் முரசை அன்றே கொட்டியவர் வாசன். அப்படத்தின் முரசு நடனத்தில் மாபெரும் முரசுகள் வரிசை வரிசையாக நிற்க, அவற்றின் மேல் பெண்கள் ஆடுகின்றனர். காண்போர் அழகில் மயங்கியிருக்கும் வேளையில் ஆடல் முடிகிறது. முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளியே பாய்ந்து போர் தொடுக்கின்றனர். கொடியவனை ஏமாற்றுவதற்காகவே அந்நடனம். அதனை நீக்கினால் கதையே நின்றுவிடும். ‘கங்குவா’வின் போர்களுள் எத்தனையை இவ்வாறு நீக்க முடியாது? முதலைப்போரை வெட்டி எடுத்தால் கதையில் எது குறையும்? வியப்பு ஒன்றே குறையும் என்பது என் எண்ணம்.

நீங்கள் வாழும் புனே நகரும் இதற்குச் சான்று தரும். கட்கியிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில், சட்டக் கல்லூரிச் சாலையில் திரைப்படப் பயிற்சி நிறுவனம் உள்ளது. முன்பு அவ்விடத்தில் பிரபாத் நிறுவனத்தின் படப்பிடிப்பு நிலையம் இருந்தது. பிரபாத் 1936இல் அளித்த ‘சந்த் துக்காராம்’ மராத்திப் படத்தின் முடிவில் துறவியை ஏற்றிக்கொண்டு வானூர்தி விண்ணில் எழுகிறது. இன்றைய கணினி வரைகலைக்கு முன் அது மிக எளிய தந்திரம். ஆனால் கணவர் அழைத்தும் இல்லத்தையும் பிள்ளைகளையும் விட்டு வர மனமில்லாத மனைவி கீழே இருக்கிறாள். அவளால்தான் அவ்விண்ணேற்றம் நம்மை உருக்குகிறது.

இவ்விடத்தில் உங்களைப் பற்றியும் ஒரு சொல். வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் படைப்பிரிவு அலுவலகங்களிலும் பணிபுரியும் பெற்றோருடன் கட்கியில் வளரும் பிள்ளைகளுக்கு, தமிழ்ப்படம் வெறும் பொழுதுபோக்கு அன்று. வகுப்பில் மராத்தியோ இந்தியோ பேசும் தோழன், “உங்கள் படம் இவ்வளவுதானா?” என்று நகைத்தால் உள்ளம் சுடும். உடனே படத்தின் குறையனைத்தையும் மறைத்து வாதிடத் தோன்றும். அப்படி வாதிட வேண்டியதில்லை. ஒரு படம் தோற்றால் தமிழ் தோற்றதாகாது. தோழனிடம் குறையை மறைக்காமல் கூறுங்கள். முரசு நடனத்தைப் பற்றியும் கூறுங்கள். அவனும் ‘துக்காராம்’ பற்றி உங்களிடம் கூறக்கூடும். இந்தியில் மட்டுமே படத்தைக் கண்டவர்கள் ஒருமுறை தமிழிலும் கேட்டுப் பாருங்கள். உரையாடலை எழுதியவர் மதன் கார்க்கி. ‘பாகுபலி’யில் காலகேயர் பேசும் கிளிக்கி மொழியைப் படைத்தவரும் அவரே. தீவுப் பகுதியின் உரையாடலில் பழஞ்சாயல் கொண்ட சொற்கள் உண்டு. மொழிமாற்றத்தில் முதலில் உதிர்வன அவையே.

தயாரிப்பாளர் சிலர் வேறொரு வழியை நாடினர். முதல் நாளில் யூடியூப் விமர்சகர்களைத் திரையரங்க வளாகத்திற்குள் விடக் கூடாதென்று அவர்தம் சங்கம் வேண்டுகோள் விடுத்தது. வெளியான மூன்று நாள்களுக்கு விமர்சனமே கூடாதெனச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. கருத்துரிமையைச் சுட்டி இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. அம்மறுப்பு சரியானதே. காசு கொடுத்துப் படம் பார்த்தவர் வாய் திறக்க மூன்று நாள் காத்திருக்க வேண்டுமென்பது என்ன முறை?

உண்மையில் அவ்விமர்சனங்களுள் சில படத்திற்கு உதவின. ஒலி மிகுதி என்ற குறையைப் பலரும் தெளிவாகச் சுட்டியதால், ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்குமாறு திரையரங்குகளைத் தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா கேட்டுக்கொண்டார். சலிப்பூட்டிய பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 12 நிமிடங்கள் வெட்டப்பட்டன. இரண்டாம் வாரத்தில் திரையரங்கு சென்றோர் கண்டது, முதல் நாள் பார்த்தோர் கண்டதினும் குறுகிய, சற்றே அமைதியான படத்தையே.