அனுமதி அவர்களுடையது, பிரீமியம் நம்முடையது

சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ராம்சார் (பன்னாட்டு ஈரநிலப் பாதுகாப்பு உடன்படிக்கை) எல்லைக்குள் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டத் தந்த அனுமதியை அரசுத் தரப்பு நியாயப்படுத்தும் வேலை இன்னும் ஓயவில்லை. அது பட்டா நிலம், ராம்சார் எல்லை இன்னும் களத்தில் அளந்து உறுதி செய்யப்படவில்லை, விதிமீறல் எதுவும் இல்லை என்று அடுக்கடுக்காக விளக்கங்கள் வந்தன. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகுதான் அங்கே வேலை நின்றது. சதுப்பு நிலத்துக்காகவும் பறவைகளுக்காகவும் பேச வேண்டியதைச் சூழலியல் ஆர்வலர்கள் உரக்கவே பேசிவிட்டார்கள். கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்த மண்ணில் வீடு வாங்குகிறவரும், அதைச் சுற்றி ஏற்கெனவே குடியிருக்கிறவரும் தங்கள் வீட்டைக் காப்பீடு செய்ய ஆண்டுதோறும் கூடுதலாகக் கட்டப்போகும் பணத்துக்கு யார் பொறுப்பு?

வீட்டுக் காப்பீட்டின் விலையில் கட்டடத்தின் தரத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அது நிற்கும் இடத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. நிலநடுக்க மண்டலம் எது, கடலும் ஏரியும் எவ்வளவு அருகில், தெரு தாழ்வானதா, முன்பு தண்ணீர் புகுந்ததா, வீடு எத்தனையாவது மாடி என்பதையெல்லாம் பார்த்தே ஆபத்தை எடைபோடுகிறார்கள். 2007 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடு விலக்கப்பட்டதிலிருந்து, எந்த ஆபத்துக்கு என்ன விலை என்பதை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. 2015 வெள்ளத்தில் சென்னையிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகள் ஏறத்தாழ 5,000 கோடி ரூபாய். அந்தக் கணக்கை எந்த நிறுவனமும் மறக்காது. அவர்களுக்கு மறுகாப்பீடு தருகிறவர்களும் மறக்க மாட்டார்கள்.

இதில் காப்பீட்டு நிறுவனங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆபத்துக்கு விலை வைப்பதுதான் அவர்கள் தொழில். ஆனால் அந்த விலை போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். படிவத்தில் தவறாமல் இடம்பெறும் பின்கோடு, கடிதங்களைப் பட்டுவாடா செய்வதற்காக 1972-இல் வந்த ஏற்பாடு. வேளச்சேரியின் 600042 என்ற ஒரே எண்ணுக்குள் மழை நின்ற ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் தெருவும் இருக்கிறது, நான்கு நாள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் தெருவும் இருக்கிறது. எந்தத் தெரு எப்படி என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். மாநகராட்சிக்கும் தெரியும், தெரிந்ததால்தான் வடகிழக்குப் பருவமழைக்கு முன் படகையும் மோட்டார் பம்பையும் கொண்டுவந்து வைக்கிறது. வீடு வாங்க வருகிறவருக்கு மட்டும் அதைச் சொல்ல யாரும் இல்லை.

கட்டுகிற பணத்துக்கு என்ன கிடைக்கிறது? 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி வெள்ளத்தையும் புயலையும் உள்ளடக்கியது, நல்ல திட்டம்தான். வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே பாதுகாப்பு உண்டு. ஆனால் தொகை கணக்கிடப்படுவது கட்டுமானச் செலவை வைத்து. நிலத்தின் மதிப்பு அதில் சேராது. தென்சென்னையில் ஒருவர் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுவது செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் மட்டுமில்லை, அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான். வெள்ளத்தில் அந்த இடத்தின் பெயர் கெட்டு விலை சரிந்தால் எந்தப் பாலிசியும் ஈடு தராது. ஆக, பிரீமியம் போடும்போது இடம் கணக்கில் வருகிறது, இழப்பீடு தரும்போது காணாமல் போகிறது. இதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் வரி நீக்கப்பட்டது. வீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

இன்று சராசரி வீட்டுக்குப் பிரீமியம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தானே என்று சிலர் சொல்லக்கூடும். வீட்டுக் கடன் இருபது ஆண்டு ஓடுகிறது. காப்பீடு பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அதன் விலையையும் நிபந்தனையையும் மாற்றிக்கொள்ள நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. கடன் வாங்கியவருக்கு வீட்டை மாற்றிக்கொள்ள வழியில்லை. அடுக்குமாடிகளில் லிஃப்ட், ஜெனரேட்டர், மின் பலகை, மோட்டார் எல்லாம் பெரும்பாலும் தரைத்தளத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கின்றன. அவை மூழ்கினால் ஆறாவது மாடிக்காரரும் சங்கத்துக்குப் பணம் கட்ட வேண்டும். சங்கத்தின் பாலிசி விலை ஏறினால் அந்தச் சுமையும் மாதப் பராமரிப்புத் தொகையில் வந்து விழும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போன பிறகு பள்ளிக்கரணையிலும் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் தரைத்தள வீடுகளுக்குள் போனவர்கள் பார்த்தது என்ன? ஜன்னல் கம்பி வரை சேற்றுக் கோடு. மல்லாந்து கிடந்த ஃபிரிட்ஜ். சாக்கடை கலந்த சம்ப். உப்பிப்போன பிளைவுட் அலமாரிக்குள் ஒட்டிக்கிடந்த பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல்கள். அதற்கெல்லாம் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கிடைத்தது. மறு ஆண்டு அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரி மேம்பாலத்தின் இருபுறமும் கார்கள் வரிசைகட்டி நின்றதை நாடே பார்த்தது. அரசின் சொல்லிலும் காப்பீட்டிலும் நம்பிக்கை இழந்த மக்கள் தாங்களாகத் தேடிக்கொண்ட பாதுகாப்பு அது.

இந்த இடம் இப்படி ஆனதற்குக் காரணம் மழை மட்டுமா? கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று வரிசையாக இருக்கும் ஏரிகளின் உபரிநீர் சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயைச் சேர்ந்து கோவளம் முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். அந்தத் தண்ணீர் தங்குவதற்கென்றே இயற்கை விட்டுவைத்த இடம் அது. 2022-இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது வரைபடத்தோடுதான் சேர்ந்தது. அந்த வரைபடத்தைக் கொடுத்தது யார்? எல்லையைக் களத்தில் அளக்கும் பொறுப்பு யாருடையது? மூன்று ஆண்டு அளக்காமல் விட்டவர்களே, அளக்கவில்லை என்பதையே காரணமாகக் காட்டி அனுமதியை நியாயப்படுத்துவதை எப்படி ஏற்க முடியும்? பட்டா இருக்கிறதா என்று பார்த்தா தண்ணீர் பாய்கிறது? பட்டா நிலத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கினால், அங்கே தங்க வேண்டிய தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போகும். அங்கே முப்பது ஆண்டாகக் குடியிருக்கும் ஓய்வூதியரின் வீடு, அவர் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமலே ஆபத்தான வீடு ஆகிவிடும்.

இன்னொரு கொடுமையும் நடந்தது. ராம்சார் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரையிலும் புதிய அனுமதி தரக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025-இல் உத்தரவிட்டது. அதன் பிறகு அரை கிரவுண்டில் வீடு கட்ட நினைத்தவர்களின் விண்ணப்பங்கள் தேங்கின. எல்லையை முறையாக வரையறுத்திருந்தால் அவர்களில் பலர் இதில் மாட்டியிருக்கவே மாட்டார்கள். பெரிய திட்டத்துக்குக் கோப்பு நகர்ந்தது, சின்ன வீட்டுக்காரர் வாசலில் நின்றார். யாருக்காக வேலை செய்கிறார்கள் இவர்கள்?

இது முதல் முறையாக நடந்த தவறு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஏரியைத் தூர்த்து வீட்டுமனை போட்டு, அந்தக் குடியிருப்புக்கு ‘முகப்பேர் ஏரித் திட்டம்’ என்றே பெயரும் வைத்தவர்கள் இதே நாற்காலிகளில் இருந்தவர்கள்தான். வேளச்சேரி ஏரியைத் துண்டுபோட்டு வீட்டுமனைக்கும் சாலைக்கும் கொடுத்தார்கள். சதுப்பு நிலத்தின் நடுவிலேயே பெருங்குடி குப்பை மேட்டை வளரவிட்டார்கள். சுனாமியில் வீடிழந்தவர்களையும் நகரத்துக் குடிசைவாசிகளையும் செம்மஞ்சேரியில் கொண்டுபோய் வைத்தார்கள்; மழைக்கு மழை அங்கே படகு போகிறது. 2015-க்குப் பிறகு, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஏழைக் குடும்பங்களைப் பெயர்த்து எடுத்துச்சென்ற இடம் எது? பெரும்பாக்கம். சதுப்பு நிலத்தின் விளிம்பு. விதிமீறிய கட்டடங்களை இடிப்பதற்குப் பதிலாக, வரன்முறைத் திட்டம் என்ற பெயரில் 1999-இலிருந்து திரும்பத் திரும்பக் கட்டணம் வாங்கிக்கொண்டு மன்னித்ததும் இவர்கள்தான்.

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 2015 டிசம்பர் முதல் நாள் நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டதை யாரால் மறக்க முடியும்? அந்த வெள்ளம் மனிதத் தவறால் நேர்ந்த பேரழிவு என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-இல் சட்டப்பேரவையிலேயே வைக்கப்பட்டது. அந்த அறிக்கையால் யார் பதவி இழந்தார்கள்? 2021 மழைக்குப் பிறகு திருப்புகழ் தலைமையில் நிபுணர் குழு அமைத்தார்கள், அறிக்கையும் வாங்கிக்கொண்டார்கள். வெள்ளம் வந்தால் குழு, குழு அறிக்கை கொடுத்தால் அலமாரி. இடையில் அனுமதிகள் மட்டும் தரப்பட்டுக்கொண்டே இருந்தன.

வருமானம் என்று வரும்போது மட்டும் இந்த நிர்வாகத்துக்கு ஒவ்வொரு தெருவும் மனப்பாடம். தெருவாரியாக வழிகாட்டி மதிப்பு வைத்திருக்கிறது, அதன்படி 7 சதவீத முத்திரைத்தீர்வை வசூலிக்கிறது. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று கேட்டால் அடமானம் வரை எடுத்துக் கொடுக்கிறது. அந்த மனையில் 2015-இலும் 2023-இலும் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது. பிரிட்டனில் வெள்ள ஆபத்துள்ள வீடுகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் காப்பீடு கிடைக்க 2016-இல் ‘ஃப்ளட் ரீ’ என்ற பொது ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். வீட்டுக் காப்பீடு வழங்கும் எல்லா நிறுவனங்களிடமிருந்தும் பங்கு வசூலித்து நடத்தப்படும் அதில், 2009 ஜனவரி முதல் கட்டப்பட்ட வீடுகளுக்கு இடமில்லை. ஆபத்தான இடத்தில் புதிதாகக் கட்டிவிட்டு அதன் செலவை ஊரார் தலையில் ஏற்றக்கூடாது என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. இங்கே ஏற்கெனவே மாட்டிக்கொண்டவருக்கும் உதவி இல்லை, புதிதாகக் கட்டுகிறவருக்கும் அப்படியொரு நிபந்தனை இல்லை.

ஆகவே பொறுப்பு இடம் மாற வேண்டும். வீட்டின் இடத்தால் வரும் கூடுதல் செலவில் ஒரு பங்கையாவது, அந்த இடத்தில் வீடு கட்ட அனுமதித்தவர்களும் கட்டி விற்றவர்களும் ஏற்க வேண்டும். அதற்குச் சட்டமா, நிதியமா, வேறு வழியா என்பதை அரசும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் உட்கார்ந்து பேசட்டும். எந்த வழியானாலும், கையெழுத்துப் போட்டவரின் பெயர் அந்தக் கையெழுத்தால் வந்த வெள்ளத்தோடு சேர்த்துப் பேசப்படும் நிலை வர வேண்டும். நிவாரணத் தொகையை உயர்த்தித் தரச் சொல்லி மக்கள் கேட்கவில்லை. எங்கள் வீட்டை மூழ்கடிக்கும் முடிவுகளை எடுத்துவிட்டு அதற்கான கட்டணத்தையும் எங்களிடமே வசூலிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லும் வரை, சதுப்பு நிலத்தில் இன்னொரு அடுக்குமாடிக்கு அனுமதி தரும் தகுதி இவர்களுக்குக் கிடையாது.