முதுகெலும்பில்லாத பாடம்

முதுகெலும்புள்ள பிராணிகள் எத்தனை வகைப்படும் என்று உயர்நிலைப் பள்ளி மாணாக்கன் ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். மீன்கள், நீர்நில வாழ்வன, ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள் என்று மூச்சு விடாமல் ஒப்புவித்து விடுவான். "அப்படியானால் வௌவால் எதில் சேர்ந்தது?" என்று கேளுங்கள், பையன் கூரையைப் பார்ப்பான். "கணவாய் மீனுக்கு முதுகெலும்பு உண்டா?" என்றால், நம்மையே சந்தேகத்துடன் பார்ப்பான்.

குற்றம் பையனுடையதன்று. ஐந்து பெயர்கள் அவனுக்குச் சொல்லப்பட்டன. பிரித்தறியும் வித்தை சொல்லப்படவில்லை.

ஜீவராசிகளைப் பிரித்து நோக்குவது நம்மவர்க்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், புலன்களை அளவுகோலாகக் கொண்டு, ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் வரை வகுத்துக் காட்டுகிறது. முதுகெலும்பை அளவுகோலாக்கியவர்களுள் முக்கியமானவர் பிரெஞ்சுப் பண்டிதர் லாமார்க். முதுகெலும்பில்லாத பிராணிகளைப் பற்றி 1801-ல் அவர் ஒரு தனி நூலே வெளியிட்டார். அளவுகோல் எதுவாயினும், வகுக்கப் புகுவோன் முதலில் பிராணியைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. மீன் சமைக்கும் வீட்டிலிருந்து ஒரு நடுமுள்ளும், நாட்டு மருந்துக் கடையிலிருந்து 'கடல் நுரை' ஒரு துண்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். நடுமுள் சிறு சிறு கணுக்களைக் கோத்த மாலை போலிருக்கும். கணுக்களின் மேற்புறமுள்ள வளைவுகளினூடேதான் தண்டுவடம் ஓடியிருந்தது. கடல் நுரை என்பதோ கணவாயின் உடலுக்குள் இருக்கும் ஓடு. அதில் கணுவும் இல்லை, தண்டுவடத்திற்கு வழியும் இல்லை. கணவாய் நத்தைக்கு உறவேயன்றி மீனுக்கு உறவன்று. இவ்விரண்டையும் கையில் வைத்துப் பார்த்த பிள்ளை, பெயரில் 'மீன்' இருப்பதனாலேயே ஒரு பிராணி மீனாகி விடாது என்பதை ஆயுள் உள்ளளவும் மறவான்.

மீன் புழங்காத இல்லத்துப் பிள்ளைகளுக்கும் வழியுண்டு. தலையைக் குனிந்து பிடரியின் அடியில் தடவிப் பார்க்கட்டும். அங்கே துருத்தி நிற்பது பெரும்பாலும் ஏழாவது கழுத்தெலும்பு. மனிதனுக்குக் கழுத்தெலும்பு ஏழு. பிள்ளையாரின் முகம் தாங்கிய யானைக்கும் ஏழு. அவருடைய வாகனமாகிய மூஞ்சூறுக்கும் ஏழு! மிகச் சில நீங்கலாகப் பாலூட்டிகள் எல்லாவற்றிற்கும் இதுவே கணக்கு. கோயில் கோபுரத்தில் தொங்கும் வௌவாலுக்கும் அப்படியே. அதன் உடலில் ரோமம் இருக்கிறது. குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. சிறகிருந்தும் அது பறவையன்று என்பதை இனி உபாத்தியாயர் சொல்ல வேண்டுமா? மாணாக்கனே சொல்லி விடுவான்.

பரீட்சை மார்க்குக்காக மட்டும் இவ்வளவும் வற்புறுத்தவில்லை. 2000 முதல் 2019 வரையில் நம் தேசத்தில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். 'ஊர்வன' பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன், எலிகளைத் தின்று நெல்லைக் காக்கும் விஷமற்ற சாரையை நாகமென்று அடித்துக் கொல்லுகிறான் என்றால், அல்லது கடிபட்டவரை வைத்தியசாலைக்கு அனுப்பாமல் மந்திரிப்பவரிடம் அழைத்துப் போகிறான் என்றால், அந்த நூறு மார்க்கு யாருக்குப் பிரயோஜனம்?

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கையும் படத்திலாவது ஒவ்வொரு பிள்ளையும் கண்டிருக்க வேண்டும். நம் தேசத்து விஷமுறிவு மருந்து இந்நான்கின் விஷத்தையும் முறிப்பதற்கே செய்யப்படுகிறது. எந்தப் பாம்பாயினும் கிட்டப் போகலாகாது, கடித்தால் கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதையும் அதே பாடத்தில் சொல்ல வேண்டும்.

இந்த மருந்திற்கு வேண்டிய விஷத்தைத் திரட்டித் தந்தவர்கள் யார் தெரியுமா? 1978-ல் இருளர் மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சென்னைக்குத் தெற்கேயுள்ள வடநெம்மேலியில், பாம்புகளைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை எடுத்துக் கொண்டு, மறுபடி காட்டிலேயே விட்டார்கள். அவர்களுடைய தேர்ச்சி தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துப் பெற்றது. அந்தப் பார்வையில் ஒரு பங்காவது நம் பள்ளிக்கூடத்தில் கிடைக்க வேண்டாமா?

ஆகவே உபாத்தியாய நண்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நமது வேண்டுகோள் இதுவே: அட்டவணையை ஒப்புவிக்கச் சொல்லுமுன், ஊரிலுள்ள கெண்டை, தவளை, ஓணான், மைனா, அணில் ஆகிய ஐந்தையும் துன்புறுத்தாமல் ஒரு வாரம் கவனித்து எழுதிவரச் சொல்லுங்கள். ஐந்து வகைகளும் அதிலேயே அடங்கியிருக்கின்றன. பிராணிகளுக்கு மட்டுமல்ல, பாடத்திற்கும் முதுகெலும்பு வேண்டும்.