மாற்றுச்சாவி யாரிடம்?



2020 அக்டோபர் 13 இரவு பெய்த மழையில், ஹைதராபாத்தில் எங்கள் தார்நாகாவை ஒட்டிய ஹப்சிகுடாவிலும் ராமந்தாபூரிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் சோறும் போர்வையும் கொடுக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். அவற்றை இறக்கிவைக்க ஒரு கூரைதான் சட்டென்று கிடைக்காது. தேவாலயங்களின் சமூகக் கூடங்களோ ஞாயிறும் கல்யாணமும் தவிர மற்ற நாட்களில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. சமையலறையும் கழிவறையும் உள்ள அந்தக் கூடத்தை உள்ளூர் நிவாரணக் குழுவோடு பகிர்ந்துகொண்டால் என்ன?

2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கதவைத் திறந்தன. ஆனால் அது தண்ணீர் வந்த பிறகு. நான் கேட்பது, மழைக்காலத்துக்கு முன்பே எழுத்தில் ஓர் ஒப்பந்தம்: எந்த அறை, மின்கட்டணம் யார் பொறுப்பு, மாற்றுச்சாவி யாரிடம். (பழந்துணி மூட்டைகளை வாங்கிக் குவிக்கக் கூடாது என்றும் ஒரு விதி வேண்டும்!)

புனிதம் கெடும் என்று மூப்பர்கள் சிலர் தயங்கலாம். பலிபீடத்தை யாரும் கேட்கவில்லை. நிவாரணம் வாங்க வருபவரிடம் மதம் பேசக் கூடாது என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் குழுவில் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

– ஒரு வாசகர், தார்நாகா, ஹைதராபாத்