சித்திரத்தில் இடம்பெறாதவர்கள்

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில், மூன்று நூற்றாண்டு உப்புக்காற்றில் முகம் தேய்ந்தும் காவல் நீங்காத எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் படம்பிடிக்க வருவோர், அருகே வலை உலர்த்தும் மீனவரைச் சற்றே விலகி நிற்கச் சொல்லுவது வழக்கம்.

இது பழைய வியாதிதான். பால்டேயஸ் என்ற டச்சுப் பாதிரியார் 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலின் செப்புத்தகட்டுச் சித்திரங்களில் சோழமண்டலக் கரையின் கோட்டைகள் கம்பீரமாக நிற்கின்றன. ஆனால் அதே நூற்றாண்டில் பழவேற்காட்டுத் துறையிலிருந்து பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தாவுக்கு) அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஏழை ஜனங்களின் துக்கம் அந்தக் கம்பீரத்துக்கு உதவாது போலும்! பின்னர் ஓவியர் டேனியல், அவருடைய சகோதர புத்திரர் போன்றோர் இடிபாட்டை ரசிக்கத் தக்க வஸ்துவாக்கிவிட்டார்கள்.

இன்று அந்த ரசனை நாட்காட்டியில் வாழ்கிறது. 1964 டிசம்பர்ப் புயல் சிதைத்த தனுஷ்கோடி மாதாகோயிலின் பவளக்கல் சுவர்களை வழவழத்த தாளில் அச்சிடுகிறோம். வாழத் தகாத இடமென்று அரசாங்கம் அறிவித்த பின்னும் அங்கேயே குடிசை போட்டு மீன்பிடிக்கும் குடும்பங்களைக் கத்தரித்துவிடுகிறோம். சிதைந்த சுவருக்குக் கிடைக்கும் அனுதாபம் மனிதருக்குக் கிடைக்காதது அநாகரிகம். நாட்காட்டி அச்சிடுவோரே, அடுத்த ஆண்டுப் படத்தில் அந்தக் குடிசைகளையும் விட்டுவையுங்கள்.