காப்பி அடித்தால் கோடிங் வருமா?

இரண்டு மாதமாக இணையத்தில் பாடம் பார்த்து ஹெச்.டி.எம்.எல். கற்று வருகிறேன். முதல் நாள் யாரோ எழுதிய கோடிங்கை அப்படியே காப்பி செய்து ஒட்டினேன். பக்கம் சூப்பராக வந்தது! அக்கா பார்த்துவிட்டு, "தலைப்பை மட்டும் பச்சையா மாத்துடா" என்றாள். திருதிருன்னு முழிச்சேன்.

மறுநாள் நோட்பேடில் ஒவ்வொரு வரியாக நானே டைப் செய்தேன். தலைப்பை முடிக்கும் இடத்தில் ஒரு சாய்கோடு போட மறந்துட்டேன். பக்கம் முழுக்கக் கொட்டை எழுத்து! பிரவுசர் "இங்கே தப்பு" என்று சொல்லவே இல்லை. அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தேன். அந்தச் சாய்கோட்டை இனி மறப்பேனா?

டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் திட்டம் எழுதிக் கொடுத்த வேர்ல்டு வைடு வெப்பை, 1993-ல் செர்ன் ஆய்வுக்கூடம் எல்லோருக்கும் இலவசமாக்கியது. இன்று பாடங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. நாம் கொடுக்க வேண்டியது உழைப்பு மட்டும்தான். அதையும் மிச்சம் பிடிக்கலாமா?

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையா? நோட்டில் எழுதிப் பழகுங்கள். லேப் பீரியடில் டைப் செய்யுங்கள். தப்பு வந்தால் வரட்டும். நம்ம தப்புதான் நமக்கு நல்ல வாத்தியார். (ஆசிரியர்கள் மன்னிக்கவும்!)

– 9-ஆம் வகுப்பு மாணவன்