வரப்பில் வீசிய கல்லைத் திருப்பிப் பாருங்கள்!



உழும்போது கலப்பையில் கல் தட்டினால் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? திட்டிக்கொண்டே எடுத்து வரப்பில் வீசிவிடுவார்கள். உலகம் முழுவதும் விவசாயிகள் அப்படித்தான் செய்கிறார்கள். வீசிய கல்லைத் திருப்பிப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். அப்படிப் பார்த்த ஒரு விவசாயப் பெண்மணியைப் பற்றி இந்த வாரம் சொல்கிறேன், கேளுங்கள்.

அமெரிக்காவில் கான்சாஸ் என்று ஒரு மாநிலம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கோதுமை விளையும் சமவெளி. 1880-களில் அங்கே ஹேவிலேண்ட் என்ற ஊருக்கு அருகில் எலைசா கிம்பர்லி என்ற பெண்மணி கணவருடன் குடியேறி விவசாயம் செய்தார். அந்த மண்ணில் கல்லைப் பார்ப்பதே அபூர்வம். ஆனால், அந்த வட்டாரத்தில் மட்டும் ஆங்காங்கே கறுப்புக் கற்கள் அகப்பட்டன. கையளவு கல்லே எதிர்பாராத கனம்! உழவர்களுக்கு அவை பெருந்தொல்லை. சிலர் அவற்றை வைக்கோல் போர் பறக்காமல் இருக்க மேலே வைத்தார்கள். சிலர் மழைநீர்ப் பீப்பாயின் மூடிக்குப் பாரமாக வைத்தார்கள்.

எலைசா மட்டும் அந்தக் கற்களைச் சேர்த்து வீட்டருகே குவித்தார். சிறுமியாக இருந்தபோது ஒரு விண்கல்லை அவர் நேரில் பார்த்திருந்தாராம். அந்த நினைவு மறக்கவில்லை. 'இதுவும் வானத்திலிருந்து விழுந்ததுதான்' என்று அவர் மனம் சொன்னது. அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். "சமையலைக் கவனிக்காமல் கல் பொறுக்குகிறாளே!" என்பது போன்ற பேச்சு எந்த ஊரில்தான் இல்லை? எலைசா வாதாடவில்லை. படித்தவர்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் வராவிட்டாலும் மறுபடி எழுதினார். இப்படியே சில ஆண்டுகள் ஓடின.

1890-ம் ஆண்டு வாஷ்பர்ன் கல்லூரிப் பேராசிரியர் கிராகின் நேரில் வந்தார். குவியலைப் பார்த்தவர் அசந்து போனார். எல்லாம் விண்கற்கள்! அந்த இடத்திலேயே பல கற்களை விலைக்கு வாங்கினார். அந்தப் பணம் குடும்பத்தின் கடனைத் தீர்க்கவும் மேலும் நிலம் வாங்கவும் உதவியது. சிரித்தவர்களும் தங்கள் வைக்கோல் போரின் மேல் இருந்த கல்லைத் தேடிப் போனார்கள்!

இந்தக் கற்களுக்கு 'பிரெனம் விண்கல்' என்று பெயர். இதுவரை கிடைத்தவை நாலு டன்னுக்கு மேல். இதை அறுத்து மெருகேற்றினால் உள்ளே பளபளக்கும் இரும்பு. அதன் நடுவே தேன் நிறத்திலும் பச்சை நிறத்திலும் கண்ணாடி போன்ற மணிகள். வரப்பில் கிடந்த கறுப்புக் கல்லுக்குள் இவ்வளவு அழகு!

விண்கல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கான சிறுகோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன. அவை ஒன்றோடொன்று மோதி உடையும்போது, சில துண்டுகள் வழி மாறிப் பூமியை நோக்கி வருகின்றன. வினாடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் வேகம்! காற்று மண்டலத்தில் நுழைந்ததும் மேற்பரப்பு உருகி ஒளிர்கிறது. பெரும்பாலானவை வழியிலேயே அழிந்துவிடும். மிஞ்சித் தரைக்கு வருவதே விண்கல். இவற்றில் பலவற்றின் வயது சுமார் 456 கோடி ஆண்டுகள். நம் மலைகளும் கடல்களும் உருவாவதற்கு முன்பே பிறந்தவை. சூரியக் குடும்பத்தின் பிறப்புச் சான்றிதழ் என்றே இவற்றைச் சொல்லலாம்.

அதே கான்சாஸில் நினிங்கர் என்றொரு ஆசிரியர் இருந்தார். கல்லூரியில் உயிரியல் கற்பித்தவர். 1923 நவம்பர் 9-ம் தேதி இரவு வானில் ஒரு நெருப்புப் பந்து பாய்வதைக் கண்டார். அது எங்கே விழுந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள, பார்த்தவர்களையெல்லாம் விசாரித்தார். 'நீங்கள் எங்கே நின்றீர்கள்? எந்தத் திசையில் பார்த்தீர்கள்?' என்று கேட்டு வரைபடத்தில் கோடு போட்டார். பிறகு கிராமம் கிராமமாகப் போனார். பள்ளிக்கூடங்களில் விண்கல்லைக் காட்டிப் பேசினார். 'உங்கள் நிலத்தில் இப்படிக் கல் இருந்தால் அனுப்புங்கள், விலை தருகிறேன்' என்றார். தேடிப் போன நெருப்புப் பந்தின் துண்டு கிடைக்கவில்லை. ஆனால் விவசாயிகள் கொண்டுவந்த கற்களில், எப்போதோ விழுந்த வேறு விண்கற்கள் இருந்தன! பின்னாளில் வேலையை விட்டுவிட்டு, வாழ்நாள் முழுவதும் இதையே செய்தார். இத்தனை விண்கற்களை அவர் சேர்க்க முடிந்ததற்குக் காரணம், விவசாயிகளின் கண்கள்தான்.

வேட்டை அங்கே இன்னும் முடியவில்லை. 2005-ல் ஸ்டீவ் ஆர்னால்டு என்பவர் மெட்டல் டிடெக்டர் உதவியோடு, அதே பகுதி வயலுக்கு அடியிலிருந்து சுமார் 650 கிலோ எடையுள்ள விண்கல்லைத் தோண்டி எடுத்தார். நிலத்துக்காரரிடம் முறையாக ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகுதான் தேடினார் என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டிலும் விண்கற்கள் விழுந்திருக்கின்றன. கொடைக்கானல் பெயரிலேயே, 1898-ல் கண்டெடுக்கப்பட்ட இரும்பு விண்கல் ஒன்று உண்டு. 2019 ஜூலையில் பீகாரின் மகாதேவா கிராமத்து நெல்வயலில், வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கண் முன்னே, பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள விண்கல் விழுந்தது. அது அரசிடம் ஒப்படைக்கப்பட்டுப் பாட்னாவில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனது.

சரி, நீங்கள் ஒரு கல்லைக் கண்டால் எப்படிச் சோதிப்பது? விண்கல் பெரும்பாலும் அளவுக்கு மீறிக் கனமாக இருக்கும். புதிதாக விழுந்ததென்றால் மேலே மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும். ஈர மண்ணில் கட்டை விரலால் அழுத்தியது போன்ற குழிகளும் சிலவற்றில் இருக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்துத் திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டு போனால் முள் அசையும். பலமான காந்தத்தை மட்டும் ஒட்டிப் பார்க்காதீர்கள். கல்லுக்குள் இருக்கும் மிகப் பழைய காந்தப் பதிவை அது அழித்துவிடும்.

கல்லில் பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருந்தால் அது பெரும்பாலும் இரும்புச் சிட்டம். அதையும் ஏளனமாக நினைக்காதீர்கள். நம் முன்னோர் இரும்பு உருக்கிய இடத்தை அது காட்டலாம். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அப்படிப்பட்ட தடயங்கள் கிடைத்திருக்கின்றனவே!

ஒன்றை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகப்படும் கல்லை உடைக்காதீர்கள், கழுவாதீர்கள், விற்க அலையாதீர்கள். கண்ட இடம், நாள், நேரம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்தவர் நிலமென்றால் அவரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. பிறகு ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள். இந்தியாவில் விழும் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையுடையது. எங்கே, எப்போது கிடைத்தது என்று தெரியாத கல், முகவரி இல்லாத கடிதம் மாதிரி. அதன் பயன் பாதி போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 'வானத்து சக்தி உள்ள பாத்திரம், அரிசியை இழுக்கும், கோடி ரூபாய் பெறும்' என்று சொல்லி, ரைஸ் புல்லிங், இரிடியம் என்ற பெயர்களில் ஏமாற்றியவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் பலமுறை வந்திருக்கிறது. வீட்டையும் நகையையும் விற்றுக் கொடுத்து ஏமாந்தவர்கள் உண்டு. விண்கல் அரிசியை இழுக்காது. அதிர்ஷ்டமும் தராது. யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து அப்படிச் சொன்னால், "சோதனை செய்து காட்டுங்கள், ஆய்வுக்கூடத்தில் கொடுக்கலாமா?" என்று கேளுங்கள். வந்தவர் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்.

எலைசாவிடம் கருவி எதுவும் இல்லை. சிறு வயதில் பார்த்ததை மறக்காத மனம் இருந்தது. பிறர் சிரித்தாலும் விடாமல் கேட்கும் துணிவு இருந்தது. உங்கள் வகுப்பிலும் ஒரு பையனோ பெண்ணோ ஒரு கல்லையோ இறகையோ கொண்டுவந்து "இது என்ன?" என்று கேட்கலாம். அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அது சாதாரணக் கல்லாகத்தான் இருக்கும். இருக்கட்டுமே! அது ஏன் சாதாரணக் கல் என்று சொல்லத் தெரிந்துகொண்டீர்கள் அல்லவா? அதுவே லாபம்தான்.

அன்புடன்,
ஆசிரியர்